அண்ணனின் நான்கு சீட்டுகள் ஒன்றான கிளினிக்

பாபநாசத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டி.பார்ம் முடித்து, கும்பகோணத்தில் ஒரு கடையில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகத் தொடங்கிய கடை. வருகிற சீட்டுகளில் பெரும்பங்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஒரே ஆள் இரண்டு மூன்று டாக்டர்களின் சீட்டுகளை ஒன்றாக நீட்டுவதும் தினமும் நடப்பதுதான். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை சனிக்கிழமைகளில் நடத்தும், பல துறையினர் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்கும் கூட்டு கிளினிக்குக்கு என் அண்ணனை அழைத்துப்போனபோது, நோயாளியின் தம்பியாக மட்டும் அங்கே உட்காரவில்லை. மருந்து கொடுக்கிறவனின் கண்ணோடும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்த பிறகே இதை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. அங்கே இருப்பவர்களிடம் கேட்காமல் எழுதுகிறேன் என்பது ஒரு காரணம். இந்த முறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், கட்டடத்தைப் பற்றி அல்ல என்பது இன்னொன்று.

அண்ணனுக்கு 61 வயது. அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நெடுநாளாக உண்டு. அதற்குக் கும்பகோணத்தில் ஒரு டாக்டர்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கூடவே ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் 40. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று தஞ்சாவூரில் ஓர் இதய மருத்துவரைப் பார்த்தார். அவர் டெல்மிசார்ட்டானும் இன்னொரு அழுத்த மருந்தான அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் 10 எழுதினார். முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் அசிக்குளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கொடுத்தார். பாதம் எரிகிறது என்று தெருமுனை டாக்டரிடம் போனதில் பிரிகாபலினும் வைட்டமினும் வந்தன.

தனித்தனியாக எடுத்தால் நான்கு சீட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வயிறு கலங்கும். டெல்மிசார்ட்டான் இரண்டு பிராண்டு பெயர்களில் தினமும் இரட்டிப்பாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிவிட்ட ஆளுக்கு, டெல்மிசார்ட்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய வலி மாத்திரை மாதக்கணக்கில் போனது. காலையில் எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கிறது என்பார். பாதி மருந்தை அந்தந்த மருத்துவமனையின் உள்கடையிலேயே வாங்கிவிடுவதால், முழுப் பட்டியலும் ஒரே கடைக்காரரின் கண்ணில் படவே இல்லை. நான்கு டாக்டர்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்ததும் இல்லை.

இதற்கு முன்னால் வேறொரு பெரிய மருத்துவமனைக்கும் போனோம். இதயம், சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று சொன்னார்கள். கூரை உண்மையிலேயே ஒன்றுதான். உள்ளே நான்கு அறை, நான்கு டோக்கன், நான்கு ஃபீஸ். முதல் அறையில் சொன்ன கதையையே நான்காவது அறையிலும் அண்ணன் சொன்னார். கடைசியில் கையில் இருந்தது நான்கு சீட்டு, கூடவே தடிமனான ஒரு பரிசோதனை ஃபைல். அந்த ஃபைலை மூடிவைத்து நிதானமாக எங்களிடம் பேச யாரும் இல்லை. அதனால் திருச்சி கிளினிக்கைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை குறைவாகவே இருந்தது. அவர் காட்டிய சீட்டுதான் என்னைப் போக வைத்தது. ஒரே தாள். ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி. கீழே "நிறுத்தப்பட்டவை" என்று தனிக் கட்டம். என் கடை வாழ்க்கையில் நிறுத்திய மருந்தை எழுதிக்கொடுத்த சீட்டை அதுவரை நான் பார்த்ததில்லை.

முன்பதிவுக்குப் போன் செய்தால் பேசுகிறவர் ரிசப்ஷனிஸ்ட் இல்லை, ஒரு ஸ்டாஃப் நர்ஸ். நாற்பது வயது இருக்கும். அவர்தான் இந்த கிளினிக்கின் ஒருங்கிணைப்பாளர் என்பது பிறகு புரிந்தது. "ஐயா, வீட்ல இருக்கிற எல்லா மருந்தையும் அட்டையோட ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. நிறுத்தினது, மிச்சம் இருக்கிறது, நாட்டு மருந்து, சத்துப் பொடி எல்லாம்தான். பழைய ரிப்போர்ட்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். போன மாதம்தான் எடுத்த எக்கோவை மறுபடி எடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது. இப்படி ஒரு வார்த்தையை ஒரு மருத்துவமனையிலிருந்து கேட்டபோதே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அன்றைய நாள் இப்படிப் போகும். காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் ரத்தமும் சிறுநீரும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதக் கசிவைக் காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம். இந்தக் கடைசிப் பரிசோதனையை அண்ணனுக்கு அதற்கு முன் ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார். அந்த ரிப்போர்ட்டையும் அடுத்து யாரும் கேட்கவில்லை. 30க்குக் கீழே இருக்க வேண்டிய எண் அவருக்கு 210 வந்தது. மாரடைப்பு ஆபத்து கூடுகிறது என்பதையும், சிறுநீரகம் தேயத் தொடங்கிவிட்டது என்பதையும் ஒரே நேரத்தில் சொல்லக்கூடிய எண் அது, செலவும் பெரிதில்லை. சர்க்கரை இருக்கிற ஒவ்வொருவரும் வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டியது. எங்கள் ஊரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு ரத்த அழுத்தம். இதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து முதலில் எனக்கே பொறுமை போனது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசை மேல் இதயத்தின் உயரத்துக்கு வைக்கிறார்கள். முதல் நாள் இரண்டு கையிலும் பார்க்கிறார்கள். பிறகு எழுந்து நிற்கவைத்து மறுபடியும். நின்றபோது அண்ணனின் அழுத்தம் சட்டென்று இறங்கியது. காலைக் கிறுகிறுப்புக்குக் காரணம் அங்கேயே அகப்பட்டது. வேறு இடங்களில், நடந்து வந்து உட்கார்ந்த நொடியில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பேசிக்கொண்டே எடுத்த எண்ணை நம்பித்தான் அத்தனை மாத்திரையும் எழுதப்பட்டிருந்தது.

அதன்பின் இடுப்புச் சுற்றளவு. நம் ஆட்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடவைத்து, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார்கள். இடது பெருவிரலுக்குக் கீழே தொட்டது அண்ணனுக்குத் தெரியவில்லை. அந்தக் காலோடு அவர் வெறுங்காலில் வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு விழித்திரைப் படம். இவ்வளவும் முடியப் பதினொன்றாகிவிடும்.

இந்த கிளினிக்கின் உயிர் அடுத்த அரை மணி நேரத்தில்தான். நோயாளிகளை வெளியே உட்காரவைத்துவிட்டு ஓர் அறையில் சர்க்கரை மருத்துவர், இதய மருத்துவர், உணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், அந்த நர்ஸ் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். சிறுநீரக மருத்துவர் தேவைப்பட்டால் வருகிறார். ஒவ்வொருவரின் தாளையும் நர்ஸ் வாசிக்கிறார். யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் முடிவாகிறது. எல்லாரும் எல்லா டாக்டரையும் பார்ப்பதில்லை. அன்றைக்கு வந்த பலர் இதய மருத்துவரைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எல்லாருக்கும் டிரெட்மில், எல்லாருக்கும் சி.டி. என்கிற வழக்கமும் இல்லை.

என்னை உள்ளே கூப்பிட்டது மருந்துப் பைக்காக. அங்கே இருந்த மருந்தாளுநர் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு மூலப் பெயரைச் சொல்லிச் சொல்லி மேசையில் வைத்தார். டெல்மிசார்ட்டான் இரண்டாவது முறை வந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இதய மருத்துவர் தலையசைத்தார், சர்க்கரை மருத்துவர் ஒன்றை அடித்தார். என் தொழிலைச் செய்கிற ஒருவர் டாக்டர்களுக்குச் சமமாக அந்த மேசையில் உட்கார்ந்து, அவர் சொன்னது எடுபட்டதையும் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. நம் ஊரில் மருந்தாளுநர் என்றால் அட்டையை எண்ணிக் கொடுப்பவர். அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிற இடத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

முடிவில் அண்ணனின் சீட்டு இப்படி ஆனது. அசிக்குளோஃபெனாக் நிறுத்தம், முழங்காலுக்கு பிசியோதெரபிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் தொடைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், வலி கூடும் நாளில் மட்டும் பாராசிட்டமால். இரண்டு டெல்மிசார்ட்டானில் தனி மாத்திரை போய், கூட்டு மாத்திரை மட்டும் நின்றது. கிளிமிபிரைடு பாதியாகக் குறைந்தது. அடோர்வாஸ்டாட்டின் 10இலிருந்து 40 ஆனது. புதிதாக டாபாகிளிஃப்லோசின் 10 வந்தது. ஆஸ்பிரின் நின்றது. அதற்கு இதய மருத்துவர் காரணமும் சொன்னார்: இதுவரை மாரடைப்போ அடைப்போ வராத சர்க்கரைக்காரருக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் நன்மையை ரத்தக்கசிவு ஆபத்து ஏறக்குறையச் சரிக்கட்டிவிடுகிறது, வலி மாத்திரையால் வயிற்றுப்புண் வந்தவருக்கு அது இன்னும் பொருந்தாது. 2018இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வும் இதையேதான் காட்டியது. 15,480 சர்க்கரை நோயாளிகளில், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் 12 சதவீதம் குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் கணக்கே வேறு. அவர்கள் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து.

டாபாகிளிஃப்லோசின் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இப்படிக் கூட்டாக உட்காருவது ஏன் இப்போது கட்டாயமாகிவிட்டது என்பது இந்த வகை மருந்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்தாகத்தான் இது வந்தது. 2015இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த எம்பாகிளிஃப்லோசினை, இதய நோயும் இரண்டாம் வகைச் சர்க்கரையும் உள்ள ஏழாயிரம் பேரிடம் சோதித்த முடிவு வந்தபோது எல்லாரும் திகைத்தார்கள். இதய, ரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இந்த மருந்துகள் உதவுவது தனித்தனி ஆய்வுகளில் உறுதியானது. அப்படியானால் இதை எழுத வேண்டியவர் யார்? சர்க்கரை டாக்டரா, இதய டாக்டரா, சிறுநீரக டாக்டரா? ஒவ்வொருவரும் மற்றவர் எழுதுவார் என்று விட்டுவிட, நோயாளிக்குக் கிடைக்காமலே போகிறது. விலையும் இனி சாக்கு இல்லை. டாபாகிளிஃப்லோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்தது. எம்பாகிளிஃப்லோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. ஒரு மாத்திரை 60 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றது, சில நிறுவனங்களில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. என் கடை அலமாரியிலேயே அந்த மாற்றத்தைப் பார்த்தேன். அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் இதயம், சிறுநீரகம், வளர்சிதை மாற்றம் மூன்றையும் சேர்த்து ஒரே நோய்க்கூட்டமாகப் பார்க்கச் சொன்னதும் இந்தப் போக்கில்தான்.

மாத்திரையைக் கொடுத்ததோடு விடவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் சாப்பிட முடியாத நாள், அறுவை சிகிச்சைக்கு முன் என்று டாபாகிளிஃப்லோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைத்துப் போன் செய்ய வேண்டிய நேரங்களை ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதை அந்த மருந்தாளுநர் அண்ணனிடம் கூச்சமில்லாமல் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டதால் அரிப்பு வந்து, மருந்தையே நிறுத்திவிட்டவர்களை என் கடையில் பார்க்கிறேன்.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. அண்ணனின் தாளை முடித்துவிட்டு நர்ஸ், கூட வந்திருந்த அண்ணியைப் பார்த்தார். "அம்மா, நீங்க கடைசியா எப்ப பி.பி. பாத்தீங்க?" அண்ணி, "எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், இவருக்குப் பாருங்க" என்றார். உட்காரவைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தார்கள்: 164/98. வீட்டில் மாமியாருக்கு, கணவருக்கு, பேரனுக்கு என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் கூடவே போய் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷி. இத்தனை வருடத்தில் அவர் கையில் ஒருவரும் பட்டை கட்டவில்லை. ஒரு வாரம் வீட்டில் எடுத்துக் குறித்துவரச் சொன்னார்கள். குறிப்பிலும் அதே நிலை. இப்போது ஒரு சின்ன மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறார். பிள்ளைகளைப் பற்றியும் கேட்டார்கள். அண்ணன் மகளுக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்தோடு எல்லாரும் அதை மறந்திருந்தோம். அப்படி இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம், வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

மகனுக்கு 34 வயது, சென்னையில் வேலை. பரிசோதித்ததில் சர்க்கரைக்கு முந்தைய நிலை. இன்னும் நோயாகாத இவனுக்குத்தான் இந்த கிளினிக்கால் அதிகம் செய்ய முடியும் என்று நான் நினைக்கிறேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இதே நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம்தான். குறைந்த அளவு மெட்ஃபார்மின் கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்ததால் கூடுதலாகக் கிடைக்கவில்லை. நம் ஆட்களிடம், நம் சாப்பாட்டில் செய்த ஆய்வு. பையனை மாத்திரை இல்லாமல்தான் அனுப்பினார்கள். மாதம் ஒரு முறை நர்ஸ் போனில் பேசுகிறார்.

அந்தப் போன்தான் இந்த முறையின் முதுகெலும்பு. பல துறை டாக்டர்கள் ஒரு கட்டடத்தில் இருப்பது பெரிய விஷயமே இல்லை. எத்தனையோ மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். நோயாளியின் முழுத் தாளுக்கும் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டியதும் இல்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து சர்க்கரை கிளினிக்குகளில் 1,146 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியான கார்ஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பாதிப் பேருக்கு, மருத்துவர் அல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளரையும், அடுத்து என்ன செய்யலாம் என்று டாக்டருக்கு நினைவூட்டும் கணினிப் பதிவையும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான வைத்தியம். சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து இலக்குக்குள் வந்தவர்கள் முதல் பாதியில் 18.2 சதவீதம், மறுபாதியில் 8.1 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல். டென்மார்க்கில் 160 பேரோடு நடந்த ஸ்டீனோ–2 ஆய்வு இன்னும் தூரம் போனது. சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, புகை எல்லாவற்றையும் ஒரு குழு ஒரே நேரத்தில் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழுவினர் மற்றவர்களைவிட ஏழு எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இப்படி ஒரு பலனைக் கொடுக்கும் மாத்திரையை நான் விற்றதில்லை.

எங்கள் நர்ஸ் என்ன செய்கிறார் என்றால், மருந்து மாற்றியதும் இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தாயா என்று கேட்கிறார். அண்ணன் ஒரு முறை போனை எடுக்கவில்லை, என்னைக் கூப்பிட்டார். தீபாவளி வாரத்தில், "பலகாரத்துக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டேன் ஐயா, அன்னிக்கு ராத்திரி சோத்தைக் குறைச்சுக்குங்க" என்றார். அண்ணன் அதைக் கேட்டார். நான் சொன்னால் கேட்பாரா?

உணவு ஆலோசகரையும் சொல்ல வேண்டும். டெல்டாக்காரனிடம் அரிசியை விடு என்று சொல்லி ஒரு பயனும் இல்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக் கரண்டி அளவைக் கேட்டார். சோற்றைக் குறைத்து, கூட்டு பொரியலை இரண்டு பங்காக்கி, மதியம் ஒரு கிண்ணம் சுண்டலோ பயறோ சேர்க்கச் சொன்னார். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு என்று எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று அண்ணி வாயாலேயே சொல்லவைத்தார். ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று அண்ணியே முடிவு செய்தார்.

ஒரு வருடத்தில் அண்ணனின் எண்கள்: எச்.பி.ஏ.1.சி. 9.4இலிருந்து 7.2. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 138இலிருந்து 66. உட்கார்ந்த நிலையில் அழுத்தம் 128/78, நின்றாலும் இறங்குவதில்லை. சிறுநீரில் அந்த 210 இப்போது 85. கால் எரிச்சல் குறையவில்லை, அதற்கு மட்டும் நல்ல பதில் கிடைக்கவில்லை. மாத மருந்துச் செலவு 2,900 ரூபாய் அளவில் இருந்தது, இப்போது 1,600க்குள். முதல் நாள் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் வாங்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகும்போது பரிசோதனையைப் பொறுத்து 500இலிருந்து 900 வரை ஆகிறது. நான்கு டாக்டர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்ததைப் பார்த்தால் இது குறைவு. ஆனால் இந்தப் பணமும் இல்லாதவர்கள்தான் ஊரில் அதிகம்.

குறைகளும் இருக்கின்றன. சனிக்கிழமை பகலில் மட்டும் நடத்துகிறார்கள். நடவு, அறுப்பு நாட்களில் கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது. மாலையில் ஒரு வேளையாவது வேண்டும். வெளியூரிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிற, இன்சுலின் போடுகிற வயதானவர்களுக்கு ரத்தம் எடுத்த உடனே சாப்பிட ஏற்பாடு இல்லை. கேன்டீனில் போண்டாவும் சர்க்கரை போட்ட காபியும்தான் கிடைத்தன. இதே கட்டடத்தில் மேலே உணவு ஆலோசகர் பேசுகிறார்; கீழே இரண்டு இட்லியும் சாம்பாரும் சுண்டலும் வைக்க அவர்களால் முடியாதா? நான் எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. விழித்திரைக் கேமரா ஒரு முறை பழுதாகி, அதற்கென்று தனியாகப் போக வேண்டிவந்தது. புகையிலை, குடி பற்றிக் கேட்டுத் தாளில் குறிக்கிறார்கள், ஆனால் விடவைக்கப் பயிற்சி பெற்ற ஆள் அந்த மேசையில் இல்லை. இதய நோயைத் தடுக்கும் இடத்தில் இது பெரிய ஓட்டை. பல் மருத்துவர் இல்லை. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் பற்றி ஒரு கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, அந்த நர்ஸ் விடுப்பில் போன மாதம் போன் வரவில்லை என்பது. முழு முறையும் ஒருவர் தோளில் நிற்கிறது. அவருக்கு ஓர் ஆளைத் துணைக்குப் போட வேண்டும், அவர் சம்பளத்தையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

இந்த முறையை அரசு செய்ய முடியாதா என்று ரயிலில் திரும்பும்போதெல்லாம் பேசிக்கொள்வோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இத்தனை பேரும் திருச்சிக்கு ரயில் ஏற முடியாது. அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வப் பெண்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு யார் வீட்டில் யார் மாத்திரையைத் தவறவிடுகிறார்கள் என்று தெரியும். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு முதல் டோஸ் மருந்துகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். வலி வந்த பிறகு செய்வதற்கு வழி இருக்கிறது, வீட்டுக்கு மருந்து போவதற்கும் வழி இருக்கிறது. நடுவில் அந்த மேசைதான் இல்லை. தாலுகா மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், ஒரு பொது மருத்துவர், ஒரு நர்ஸ், ஒரு மருந்தாளுநர் போதும். இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் மருத்துவக் கல்லூரியிலிருந்து காணொளியில் வரலாம். எங்கள் ஊர் மருந்தாளுநர்களைக் கூப்பிட்டால் நான் கடையை அன்றைக்குப் பையனிடம் விட்டுவிட்டு வருவேன்.

யார் போகலாம்? சர்க்கரையோடு அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து, இரண்டுக்கு மேற்பட்ட டாக்டர்களிடம் மருந்து வாங்குகிறவர்கள் முதலில் போக வேண்டும். சிறுநீரில் புரதம் என்று ஒரு முறையாவது ரிப்போர்ட்டில் வந்தவர்களும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு முறை பார்த்துவிடலாம். நெஞ்சு அழுத்தி வலித்து வியர்க்கிறவர் சனிக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே 108. சர்க்கரை மட்டும், அதுவும் கட்டுப்பாட்டில் இருக்கிறவருக்கு உள்ளூர் டாக்டரே போதும்.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கிளினிக் என்று விளம்பரம் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியில் ஒரு சீட்டா, பல சீட்டா? வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் யார் பெயரைச் சொல்லிக் கேட்பது? என் பழைய மருந்துகளை யார் பார்ப்பார்கள்? பதில் தடுமாறினால் அது நாங்கள் முன்பு பார்த்த ஒரே கூரை, நான்கு சீட்டு வகைதான். போவது என்று முடிவானால் மருந்துப் பையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அன்று காலை டோஸை என்ன செய்வது என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட வீட்டிலிருந்தே இரண்டு இட்லி கட்டிக்கொள்ளுங்கள். கூட வருகிறவரும் தன் பெயரில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.